வீட்டைக் காலி செய்யச் சொல்லி முறையாக நோட்டீஸ் கொடுப்பது: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக்கு இருப்பவரையோ உறவினரையோ வீட்டைவிட்டுப் போகச் சொல்ல வேண்டிய நிலை வந்தால், நம் ஊர்ப் பக்கத்தில் முதலில் வாயால் சொல்கிறார்கள். பிறகு ஆள் விட்டுச் சொல்கிறார்கள். அப்புறம் சண்டை போடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் நினைவுக்கு வருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக நோட்டீஸ் எழுதிவருபவன் என்ற முறையில், வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் பத்திரங்களைப் படித்துப் பார்த்த வக்கீலின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

வீட்டில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பதைத்தான். மாதாமாதம் வாடகை கொடுப்பவர் ஒரு வகை. மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்கு இருப்பவர் இன்னொரு வகை. "இருந்துட்டுப் போ" என்று நீங்கள் சொன்னதால் சும்மா தங்கியிருக்கும் அத்தை மகன் மூன்றாவது வகை. அப்பா காலமான பிறகும் அதே வீட்டில் இருக்கும் தம்பி நான்காவது வகை. அவரை உறவினர் என்று சொல்வதைவிடப் பங்காளி என்று சொல்வதே சரி. இந்த நால்வருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்ப முடியாது. சும்மா இருக்கும் உறவினரை அவசரத்தில் "வாடகைதாரர்" என்று எழுதிவிட்டு, பின்னர் அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் வாடகைதாரருக்குரிய பாதுகாப்பையெல்லாம் கோரியதைப் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இன்னும் பலர் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது போய்விட்டது. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வரும் டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை போன்ற இடங்களிலும், அம்பாசமுத்திரம் போன்ற நகராட்சிகளிலும், வீடானாலும் கடையானாலும் இந்தச் சட்டத்தைப் பார்த்தே நடக்க வேண்டும். இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒப்பந்தமே எழுதிக்கொள்ளாதது, வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ வேண்டியிருப்பது, சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

நகர்ப்புறம் அல்லாத கிராமங்களில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே பேசும்.

எத்தனை நாள் கெடு கொடுக்க வேண்டும்?

உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால் அதுவே கணக்கு. எதுவும் எழுதப்படாத மாத வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு 15 நாள் கெடு சொல்கிறது. விவசாயத்துக்கோ உற்பத்தித் தொழிலுக்கோ விட்ட இடமானால் 6 மாதம். இந்த நாள்கள் நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்து எண்ணப்படும். நீங்கள் தபாலில் சேர்த்த தேதியிலிருந்து எண்ணினால் கணக்குத் தவறிவிடும். முன்பெல்லாம் வாடகை மாதம் முடியும் நாளோடு கெடுவும் முடிய வேண்டும் என்ற விதியால், ஒரு நாள் பிசகியதற்காகவே வழக்குகள் தள்ளுபடியாகின. 2002 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கொடுமை இல்லை. கெடு குறைவாக எழுதப்பட்டிருந்தாலும், முழுக்கெடு கழிந்த பிறகு வழக்குத் தொடுத்திருந்தால் நோட்டீஸ் செல்லும்.

வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்வதானால் 2017 சட்டத்தில் கணக்கு வேறு. இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும். பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

சட்டம் 15 நாள் சொன்னாலும், குடும்பமாக இருப்பவருக்கு நான் இரண்டு மாதத்துக்குக் குறைத்து எழுதுவதில்லை. அட்வான்ஸ் புரட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வேறு வீடு பிடிக்க அவ்வளவு நாளாகும்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டோம் என்கிறார்களே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ஆடி முதல் தேதிக்குக் கெடு முடியும்படி நோட்டீஸ் எழுதினால், எதிராளி போகவும் மாட்டார், நீங்கள் மனம் வந்து தள்ளவும் மாட்டீர்கள். ஆகையால் சித்திரையிலேயே நோட்டீஸ் சேரும்படி அனுப்பி, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் முடிந்த கையோடு சாமான்களை ஏற்றும்படி தேதி வைப்பது உத்தமம். முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் இடைவெளியும் அதற்குள் வந்துவிடும்.

நோட்டீஸில் என்னென்ன எழுத வேண்டும்?

கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர், இடத்தின் விவரம், எப்போது முதல் என்ன வாடகைக்கு இருக்கிறார், ஏன் காலி செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், கையெழுத்து. இவற்றுள் மிகவும் அசட்டையாக எழுதப்படுவது இடத்தின் விவரம்.

டவுன் பக்கத்தில் வளவு வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். ஒரே வாசல், நடுவில் முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஆறு குடித்தனம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். அப்படி ஒரு வளவுக்கு, தொழிலில் சேர்ந்த புதிதில், கதவு எண்ணை மட்டும் போட்டு நோட்டீஸ் எழுதிவிட்டேன். "எந்த வீட்டை காலி செய்யச் சொல்கிறீர்கள்? மொத்த வளவையுமா?" என்று பதில் நோட்டீஸ் வந்தது. மறுபடியும் எழுதி, மறுபடியும் கெடு கொடுத்து, அந்த வீட்டுக்காரருக்கு நான்கு மாதம் என்னால் வீணாயிற்று. அதற்குப் பிறகு, "மேற்படி வளவில் நுழைந்ததும் இடது கைப் பக்கம், தெற்குப் பார்த்த மூன்றாவது வீடு, தார்சா, பட்டாசல், அடுக்களை, மேலே மச்சு ஆகியவை அடங்கியது, பொதுக் கிணற்றிலும் கக்கூஸிலும் உள்ள உபயோக உரிமை உட்பட" என்று நான்கெல்லையோடு எழுதாமல் எதையும் தட்டச்சுக்குக் கொடுப்பதில்லை.

மீதி எளிது. ஒரு மாதிரி கீழே:

"தாங்கள் மேலே விவரித்த வீட்டில் மாதம் ரூபாய் 8,500 வாடகைக்கு, ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை செலுத்தும் நிபந்தனையுடன் குடியிருந்து வருகிறீர்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நான் குடியிருப்பதற்கு அவ்வீடு தேவைப்படுகிறது. எனவே தங்கள் வாடகை உரிமையை ஜூன் மாதம் 30-ஆம் தேதி முடிவோடு முடித்துக்கொள்வதாக இதன் மூலம் அறிவிக்கிறேன். அன்றைய தேதிக்குள் வீட்டைக் காலி செய்து, சாவியை என்னிடம் ஒப்படைத்து, தாங்கள் கொடுத்துள்ள அட்வான்ஸ் தொகையைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கோபத்தை இதில் காட்ட வேண்டாம். எழுதியவை எல்லாம் ஒருநாள் குறுக்கு விசாரணையில் உங்களிடமே திரும்பி வரும்.

எப்படிக் கொடுப்பது? வாங்க மறுத்துவிட்டால்?

106-ஆம் பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது: தபாலில் அனுப்பலாம்; நேரில் அவரிடமோ, அவர் வீட்டில் அவருடைய குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம்; இவை நடைமுறையில் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவதே என் வழக்கம். 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டதால், கவுன்ட்டரில் கவரை நீட்டும்போதே பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

"வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதிக் கவர் திரும்பி வந்தால் பதற வேண்டியதில்லை. சரியான விலாசத்துக்கு உரிய தபால் செலவோடு அனுப்பப்பட்டது சேர்ந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். அந்தக் கவரைப் பிரித்துவிடாதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடும் ஒட்டிய பசையோடும் இருக்கும் கவர்தான் சாட்சி.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

கூடுதலாக அனுப்புங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள்.

நோட்டீஸ் கொடுத்த பிறகும் அவர் வாடகை அனுப்பினால் வாங்கலாமா?

கெடு முடியும் வரையிலான வாடகையைத் தயங்காமல் வாங்கலாம். கெடு முடிந்த பிறகு வரும் பணத்தை "வாடகை" என்று ரசீது போட்டு வாங்கினால், நீங்களே நோட்டீஸைக் கைவிட்டுவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு; சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதைப் பற்றியதே. முன்பு மணியார்டரைத் திருப்பி அனுப்பினால் போதும். இப்போது ஜிபேயில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 8,500 ரூபாய் வந்து விழுந்துவிடுகிறது; திருப்பி அனுப்புவதற்குள் விடிந்துவிடும். அப்படி வந்தால் அன்றைக்கே, "தாங்கள் அனுப்பிய தொகையை, நோட்டீஸின் மூலம் ஏற்பட்ட என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, வீட்டை உபயோகித்ததற்கான இழப்பீடாக மட்டுமே வரவு வைத்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒத்திக்கு இருப்பவரையும் இப்படியே காலி செய்யச் சொல்லலாமா?

முடியாது, நம் பக்கத்தில் அதிகம் பேர் இடறுவது இங்கேதான். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் வீட்டை அனுபவிக்க விட்டிருந்தால், பத்திரம் எழுதப்பட்ட முறையைப் பொறுத்து அது சுவாதீன அடமானம் ஆகும். அடமானத்தை முடிப்பது பணம். நோட்டீஸ் அந்தப் பணம் தயாராக இருக்கிறது என்று சொல்லும் காகிதம் மட்டுமே. ஆகவே ஒத்தி நோட்டீஸில், "ஒத்தித் தொகை முழுவதையும் இன்ன தேதியில் செலுத்தத் தயாராக இருக்கிறேன், பெற்றுக்கொண்டு, ஒத்தியை ரத்து செய்து, வீட்டை ஒப்படைக்கவும்" என்று இருக்க வேண்டும். கையில் தொகை இல்லாமல் இதை எழுதுவது வெறும் மிரட்டல் என்பது எதிராளிக்கும் தெரியும். பணத்தை நீட்டியும் அவர் வாங்கிக்கொள்ள மறுத்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி அதை நீதிமன்றத்தில் கட்டலாம்.

ஒத்திப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முந்தியவருக்குப் பணம் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் அடுத்தவரைப் பிடித்து, இருவரையும் ஒரே நாளில் உட்கார வைத்து, பழைய ஒத்தியை எழுத்தில் ரத்து செய்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். பதிவு செய்த ஒத்தியை வாய்வார்த்தையாக முடித்துக்கொண்டால் வில்லங்கச் சான்றில் அது அப்படியே நிற்கும்.

வாடகை இல்லாமல் சும்மா இருக்கும் உறவினருக்கு நோட்டீஸ் தேவையா?

தேவை. அவர் உங்கள் அனுமதியின் பேரில் இருப்பவர். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அவரை அனுமதி பெற்றவர் என்கிறது. அனுமதியை நீங்கள் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பப் பெற்ற பிறகு, வெளியேறவும் தம் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் அவருக்கு நியாயமான கால அவகாசம் உண்டு என்று அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. நான் மூன்று மாதம் எழுதச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அனுமதியை நம்பி அவர் தம் செலவில் நிரந்தரமான கட்டடம் எதையாவது எழுப்பியிருந்தால், 60-ஆம் பிரிவின்படி அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். "பின்னாடி ஒரு ரூம் போட்டுக்கிடட்டுமா?" என்று அத்தான் கேட்கும்போது, முகத்துக்கு அஞ்சித் தலையாட்டிவிடாதீர்கள்.

இனி, உறவினருக்கு எழுதும் முதல் கடிதம் வக்கீல் தாளில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வக்கீல் நோட்டீஸ் போன மறுநாள் அந்தக் குடும்பத்தோடு நல்லது கெட்டதுக்குப் போவது நின்றுவிடும். நீங்களே கைப்பட எழுதுங்கள். ஆனால் தேதியோடு எழுதுங்கள். சென்னையில் வேலை பார்த்த ஒருவருக்காக, கல்லிடைக்குறிச்சியில் அவருடைய பூர்வீக வீட்டில் ஒன்பது வருடமாக இருந்த அத்தானுக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"அத்தான், அம்மா காலத்தில் வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று நீங்களும் அக்காவும் வந்து இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. வாடகை என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் கொடுத்ததில்லை. இப்போது வீட்டை நான் புழங்க வேண்டியிருக்கிறது. வருகிற வைகாசி கடைசிக்குள், அதாவது ஜூன் 14-க்குள், வேறு வீடு பார்த்துக்கொண்டு சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை."

பாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதியின் பேரில் இருந்தார், வாடகை இல்லை, இன்ன தேதியோடு அனுமதி முடிகிறது என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இதற்கும் ஒப்புகை அட்டை உண்டு. அதற்கும் அசையாவிட்டால் அடுத்தது வக்கீல் நோட்டீஸ்.

பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாமே?

எதிரிடையாக, உங்கள் உரிமையை மறுத்து, வெளிப்படையாகப் பன்னிரண்டு வருடம் அனுபவித்தால்தான் அந்தப் பேச்சு எழும். அனுமதியோடு இருந்தவருக்கு எத்தனை வருடமானாலும் அது பொருந்தாது. கோவாவில் ஒரு வீடு குறித்து உடன்பிறந்த சகோதரிக்கும் சகோதரருக்கும் நடந்த வழக்கில், உறவினராகவோ காவலாளாகவோ சும்மா தங்க விடப்பட்டவருக்கு நீண்ட காலம் இருந்ததாலேயே அந்த வீட்டில் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்காக வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயருக்கு மாறும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அப்பா வீட்டில் இருக்கும் தம்பியை நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்ய முடியுமா?

அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் தம்பியும் உங்களைப் போலவே உரிமையாளர். அக்கா தங்கைகளும் அப்படியே. உரிமையாளரை உரிமையாளர் காலி செய்யச் சொல்ல முடியாது. பாகம் பிரித்துக்கொள்ளக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். ஒத்துவராவிட்டால் பாகப் பிரிவினை வழக்குத்தான்.

மகனையும் மருமகளையும்?

பெற்றோர் தாமே சம்பாதித்த சுயார்ஜித வீடானால் மகன் அதில் இருப்பது பெற்றோரின் சம்மதத்தால்தான். அறுபது வயதைக் கடந்த பெற்றோரை அவர் துன்புறுத்தினால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டங்கள் உள்ளன.

மருமகள் விஷயம் அப்படியில்லை. அவள் மணமாகி வந்து வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகக் கருதப்படலாம். சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை அங்கிருந்து வெளியேற்ற முடியாது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அந்த உரிமையைத் தானாகவே அழித்துவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மகனோடு பிணக்கு வந்ததும் மருமகளுக்கு மட்டும் நோட்டீஸ் எழுதக் கேட்டு வருகிறவர்களை நான் வக்கீலைப் பார்க்காமல் திரும்ப விடுவதில்லை. என் கையால் எழுதித் தருவதும் இல்லை.

வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பிசானப் பருவ நெல் அறுப்போடு விடச் சொல்லலாமா?

வயலில் தம் உடலுழைப்பால் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. உங்கள் நோட்டீஸ் அவரை வெளியேற்றாது. வருவாய் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டு நோட்டீஸின் மாதிரியை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயில் இடத்தில் இருக்கும் வீடு என்றால்?

அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் நிலம், மட்டும் கோயிலுடையதா, கட்டடமும் கோயிலுடையதா என்று முதலில் பாருங்கள். அடிமனை கோயிலுடையதாகவும் கட்டடம் உங்களுடையதாகவும் இருந்து நீங்கள் உள்வாடகைக்கு விட்டிருந்தால், நோட்டீஸ் எழுதும் முன்பே கோயிலோடு உங்களுக்குள்ள வாடகைச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் முதலில் சிக்குவது நீங்கள்.

கெடு முடிந்தும் போகவில்லை. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தலாமா? பூட்டைப் போடலாமா?

கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017 சட்டமே தடை செய்கிறது; அவர் வாடகை அதிகாரியிடம் போனால் உங்களுக்குத்தான் உத்தரவு வரும். பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் வைத்தால், சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உங்கள் உரிமையைப் பற்றிய விசாரணையே இல்லாமல் மறுபடியும் உள்ளே வர 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழி செய்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் மீதே அந்த வழக்குப் போடலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் வைத்து எழுதி வாங்குவதும் வேண்டாம். குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பது போலீஸின் வேலையில்லை. அங்கே மிரட்டி வாங்கிய கையெழுத்து கோர்ட்டில் உங்களுக்கே பாரமாகும். நகர்ப்புற வாடகை வீட்டுக்கு வாடகை நீதிமன்றம், மற்றவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றம், வழி அவ்வளவுதான்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கத்துக்காரர்கள் சிலர், சுவர் ஊறிவிட்டது, இன்றைக்கே காலி செய்யுங்கள் என்று வந்தார்கள். பழுது உண்மையானாலும் வழி இதேதான். பொறியாளரின் சான்று கையில் இருந்தால் வேகமாக நடக்கும்.

வாடகைக்கு இருப்பவர் தாமாகப் போவதானால் அவரும் நோட்டீஸ் தர வேண்டுமா?

ஆம், ஒப்பந்தத்தில் உள்ள கெடுவின்படி, எழுத்தில். குடியிருப்புக்கு 2017 சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்கள் திருப்பித் தரும் நாளில் முழிப்பது இதனால்தான்.

சாவி கைக்கு வரும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பகலில் போங்கள். இருவருமாக மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தார்சா முதல் புறவாசல் வரை நடந்து, குழாய், விசிறி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே பேசித் தொகையை முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில், "இன்று மாலை 4 மணிக்கு வீட்டை முழுமையாகக் காலி செய்து, மூன்று சாவிகளையும் ஒப்படைத்து, அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு ரூபாயைப் பெற்றுக்கொண்டேன், உள்ளே எனக்குச் சொந்தமான பொருள் எதுவும் இல்லை" என்று அவர் எழுதிக் கையெழுத்திட, வளவிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒருவர் சாட்சி போடட்டும். மச்சில் ஒரு பெட்டி இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்தப் பெட்டியை அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஆட்டோக் கூலியை நீங்கள் கொடுத்தாலும் பரவாயில்லை.